அடைக்கலம் தந்த அன்னை

நுழையும் முன்

வீடு என்றால் பாதுகாப்பு என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும் சிலருக்கு அவர்தம் வீடே அச்சம் தரும் இடமாகிவிடுகிறது. அத்தகையோர் இரவில் கதவைத் திறந்து வெளியே வந்தால் எங்கே போவார்கள்? இவ்வினாவுக்கு 160 ஆண்டுகளுக்கு முன்னரே புனே நகரில் ஓர் அம்மையார் விடை கண்டார். இந்தியப் பெண்கல்வி வரலாற்றில் முன்வரிசையில் வைத்துப் போற்றப்படும் ஆசிரியர் அவர். அவருடைய பள்ளிப் பணியைப் பலர் அறிவர். அவர் நடத்திய அடைக்கல இல்லத்தை அறிந்தோர் சிலரே. அவ்வில்லத்தின் வழியே அவர் வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

மராட்டிய மாநிலத்துச் சாத்தாரா மாவட்டத்தில் நைகாவ் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் கண்டோஜி நெவசே பாட்டீல், இலட்சுமிபாய் ஆகியோரின் மகளாக 1831-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3-ஆம் நாள் சாவித்திரிபாய் பிறந்தார். சிறுமியர் எழுத்தறிவு பெறுவது தகாது என ஊரார் கருதிய காலம் அது. சாவித்திரிபாயும் பள்ளி சென்றதில்லை. 1840-ஆம் ஆண்டில், தம் 9-ஆம் வயதில், புனே நகரத்து 13 வயதுச் சிறுவரான ஜோதிராவ் பூலேவுக்கு அவர் மனைவியானார். பூலே குடும்பத்தினர் தோட்டத் தொழில் செய்த மாலி வகுப்பினர். மலர் வணிகம் செய்தமையால் அவர்களுக்குப் பூலே என்னும் பெயர் அமைந்தது.

பள்ளிக்குச் சென்று பயின்ற ஜோதிராவ், தாம் கற்றதைத் தம் மனைவிக்கும் கற்பித்தார். சாவித்திரிபாயின் ஆர்வம் வளர்ந்தது. அகமதுநகரிலும் புனேயிலும் அவர் ஆசிரியர் பயிற்சி பெற்றார். 1848-ஆம் ஆண்டில் புனேயின் புதவார் பேட்டையில், பிடே என்பவரின் மாளிகையில், பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதன் ஆசிரியராகச் சாவித்திரிபாய் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 17.

அவர் பள்ளிக்குச் செல்லும் வழியில் சிலர் சாணத்தையும் சேற்றையும் வீசினர், வசைமொழி கூறினர். அவர் சினந்து திரும்பவில்லை. வேலையை விட்டுவிடவும் இல்லை. பையில் மற்றொரு சேலை எடுத்துச் சென்று, பள்ளியை அடைந்ததும் அழுக்கான சேலையை மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார் என அவர் வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடுவர்.

வீட்டை இழந்த நாள்

தெருவில் எழுந்த எதிர்ப்பு விரைவில் வீட்டிற்குள்ளும் புகுந்தது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் கல்வி தருவது சமயத்துக்கு மாறானது என்று உறவினரும் ஊராரும் ஜோதிராவின் தந்தை கோவிந்தராவை நெருக்கினர். அவர் கொடியவர் அல்லர், ஊருக்கு அஞ்சியவர். பள்ளியைக் கைவிட வேண்டும், இல்லையேல் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று மகனிடமும் மருமகளிடமும் அவர் கூறினார். 1849-ஆம் ஆண்டில் இருவரும் உடுத்திய உடையோடு வெளியேறினர்.

அந்நாளில் அவர்களுக்குத் தம் வீட்டில் இடமளித்தவர் உஸ்மான் ஷேக் என்னும் நண்பர். அவ்வீட்டைச் சேர்ந்த பாத்திமா ஷேக், சாவித்திரிபாயோடு இணைந்து கல்விப் பணியாற்றினார். பின்னாளில் சாவித்திரிபாய் நோயுற்றிருந்தபோது பள்ளிப் பொறுப்பு முழுவதும் பாத்திமாவின்மேல் வீழ்ந்தது. அவர் சிறிதும் முணுமுணுக்கமாட்டார் என்பதைச் சாவித்திரிபாய் தம் கணவருக்கு எழுதிய மடலில் நன்றியோடு குறித்துள்ளார்.

1856-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அம்மடல் மற்றொரு செய்தியையும் தருகிறது. ஓய்வுக்காகப் பிறந்தகம் சென்றிருந்த சாவித்திரிபாயை அவருடைய உடன்பிறந்தாரே கடிந்துகொண்டார். சாதி வழக்கத்தை மீறிய காரணத்தால் கணவனும் மனைவியும் ஊரை விட்டு விலக்கப்பட்டது முறையே என்பது அவர் கருத்து. சாவித்திரிபாய் அமைதியாகவும் உறுதியாகவும் விடையளித்தார்; அறியாமையே தீது என்றும், கற்பிப்பதில் இழிவு யாதும் இல்லை என்றும் விளக்கினார். தாய் கண்ணீரோடு கேட்டார். உடன்பிறந்தாரும் மனம் மாறினார்.

புகுந்த வீடு அவரை வெளியேற்றியது; பிறந்த வீடு அவரைக் கடிந்தது. அன்பு உள்ள வீட்டிலும் ஊரார் பழிக்கு அஞ்சும் அச்சம் புகுந்தால் அவ்வீடு தன் மக்களையே தள்ளிவிடும் என்பதை அவர் பட்டறிவால் உணர்ந்தார். புகலிடம் தரும் ஒரு வீட்டின் அருமையையும் அவ்வாறே உணர்ந்தார்.

கைம்பெண்களின் துயர்

அக்காலத்தில் சிறுமியரை மிக மூத்தோருக்கு மணம் செய்து வைக்கும் வழக்கம் பரவியிருந்தது. அதனால் சிறு வயதிலேயே கணவனை இழந்தோர் பலர். உயர்சாதிக் குடும்பங்களில் கைம்பெண்ணின் தலையை மழித்தனர். வண்ண ஆடையும் அணிகலனும் அவருக்கு விலக்கப்பட்டன. நல்ல நாள்களில் அவர் முகத்தில் விழிப்பதும் தீயது என ஒதுக்கினர். வீட்டின் கடின வேலைகள் அனைத்தும் அவர்மேல் சுமத்தப்பட்டன. கைம்பெண் மறுமணத்தை ஏற்கும் சட்டம் 1856-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆயினும் சட்டம் நூலில் இருந்தது. வழக்கம் வீட்டில் இருந்தது. மறுமணம் செய்துகொள்ளத் துணிந்தோர் மிகச் சிலர்.

ஆதரவற்ற இப்பெண்களைச் சில ஆடவர் ஏமாற்றினர். வேறு சிலர் வன்முறைக்கு உள்ளாக்கினர். கொடுமை செய்தவர் குடும்பத்துக்குள்ளேயே இருந்ததும் உண்டு. ஒரு கைம்பெண் கருவுற்றால் பழி முழுவதும் அவர்மேல் விழுந்தது. காரணமான ஆடவர் எவ்விதக் கேடுமின்றி நடமாடினார். மானத்தைக் காப்பதாகக் கூறிக் குடும்பத்தாரே அப்பெண்ணை வெளியேற்றினர். கருவை அழிக்க நச்சு மருந்துகளை உண்ண வைத்தனர். பிறந்த குழந்தையைக் கொன்று மறைப்பதும் நிகழ்ந்தது. தன்னையே மாய்த்துக்கொண்ட பெண்களும் பலர்.

தண்டனையும் தடுப்பும்

பூலே இணையரின் நண்பர் கோவண்டே என்பவரின் வீட்டில் இளம் கைம்பெண் ஒருவர் சமையல் வேலை செய்துவந்தார். அவர் ஏழை, நல்லொழுக்கம் உடையவர். அண்டையில் இருந்த ஒருவரால் அவர் வஞ்சிக்கப்பட்டுக் கருவுற்றார். கருவை அழிக்க முயன்றும் இயலவில்லை. குழந்தை பிறந்தது. பழிக்கு அஞ்சிய அப்பெண் அக்குழந்தையைக் கொன்றார். குற்றம் வெளிப்பட்டது, வழக்கு நடந்தது. நீதிமன்றம் அவருக்கு அந்தமான் தீவில் ஆயுள் தண்டனை விதித்தது.

நீதிமன்றத்தைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது. ஆனால் சாவித்திரிபாய்க்கும் ஜோதிராவுக்கும் அது முடியவில்லை. ஒரு குழந்தை இறந்துவிட்டது. ஒரு தாய் கடல் கடந்து அனுப்பப்பட்டார். அவரை அந்நிலைக்குத் தள்ளியவர் வீட்டிலேயே இருந்தார். தண்டனையால் எந்த உயிர் காக்கப்பட்டது? அப்பெண்ணுக்குக் குழந்தை பிறப்பதற்கு முன்பே போக ஓர் இடம் இருந்திருந்தால், ஆதரவாக ஒருவர் கைப்பிடித்திருந்தால், இரண்டு உயிர்களும் பிழைத்திருக்கும் அல்லவா? இவ்வாறு அவர்கள் எண்ணினர்.

வழக்கு முடிந்த உடனே, 1863-ஆம் ஆண்டில், புனேயின் கஞ்ச் பேட்டையில் தாங்கள் குடியிருந்த வளாகத்திலேயே ஓர் இல்லத்தைத் தொடங்கினர். மராட்டியில் அதன் பெயர் பாலஹத்யா பிரதிபந்தக கிருகம். குழந்தைக் கொலையைத் தடுக்கும் இல்லம் என்பது அதன் பொருள். பெயரிலேயே தடுப்பு என்னும் சொல் இருப்பதை நாம் கருத வேண்டும். நடந்த குற்றத்தை விசாரிப்பது அவ்வில்லத்தின் பணி அன்று. நடக்கவிருக்கும் குற்றம் நடவாமல் காப்பதே அதன் பணி.

இல்லம் நடந்த முறை

இல்லம் ஒன்று இருக்கிறது என்பது தெரிந்தால்தானே துன்புறுவோர் அதனை நாடி வருவர்? உயர்சாதியினர் வாழ்ந்த தெருக்களின் மூலைகளில் ஏராளமான அறிவிப்புத் தாள்களை ஒட்டச் செய்தனர். கருவுற்ற கைம்பெண்கள் அஞ்சாமல் வரலாம். மறைவாகவும் பாதுகாப்பாகவும் பிள்ளை பெறலாம். குழந்தையை உடன் எடுத்துச் செல்வதோ இல்லத்திலேயே விட்டுச் செல்வதோ தாயின் விருப்பம். விட்டுச் செல்லும் குழந்தையை இல்லமே வளர்க்கும். இவையே அவ்வறிவிப்பின் செய்திகள். இத்தாள்களைக் கண்டு பலர் சினந்தனர். தவறு செய்வோருக்கு இது துணைபோவது என்று தூற்றினர். தம் தெருவில் அப்படி ஒரு துன்பம் இருப்பதையே ஒப்புக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை.

இல்லத்தின் அன்றாடப் பொறுப்பைச் சாவித்திரிபாய் ஏற்றார். வந்தவரின் மானத்தை அவர் காத்தார். உணவும் உடையும் தந்து, பிள்ளைப்பேற்றின்போது உடனிருந்து, பிறந்த குழந்தைகளைப் பேணினார். இல்லத்துக்கு வேண்டிய பொருள் பெரும்பாலும் பூலே இணையரின் சொந்த உழைப்பிலிருந்தே வந்தது. ஜோதிராவ் வேளாண்மையும் ஒப்பந்தத் தொழிலும் செய்து பொருள் ஈட்டினார்.

சாவித்திரிபாய்க்குச் சொந்தக் குழந்தை பிறக்கவில்லை. அதனைக் காரணமாக்கி ஜோதிராவ் வேறொரு பெண்ணை மணக்க வேண்டும் என உறவினர் வற்புறுத்தினர். ஜோதிராவ் அதற்கு இசையவில்லை. பெண்ணை மட்டும் குறைகூறும் வழக்கத்தைத் தம் வீட்டிலேயே அவர் மறுத்தார். வேண்டாம் என்று உலகம் தள்ளிய குழந்தைகள் அவ்வீட்டில் வளர்ந்தன.

முப்பத்தைந்து பேர்

அவ்வில்லம் தொடங்கியது முதல் 1884-ஆம் ஆண்டு வரை அங்கு வந்து பிள்ளை பெற்ற கைம்பெண்கள் 35 பேர் என ஜோதிராவ் எழுதிவைத்துள்ளார். அக்குழந்தைகளுள் அப்போது உயிரோடு இருந்தவை 5 மட்டுமே. ஏனைய 30 குழந்தைகளும் இறந்துவிட்டன. கருவை மறைப்பதற்காகத் தாய்மார் உட்கொண்ட நச்சு மருந்துகள் கருவிலேயே அக்குழந்தைகளைத் தாக்கியிருந்தன என்பதே அவர் கூறும் காரணம்.

இவ்வெண்களைப் படிக்கும்போது நம் உள்ளம் கலங்குகிறது. இல்லம் தோற்றதா என்னும் ஐயமும் எழலாம். அந்த 35 பெண்களுள் எவரும் அந்தமானுக்கு அனுப்பப்பட்ட பெண்ணின் நிலையை அடையவில்லை. பிழைத்த 5 குழந்தைகளும் அவ்வில்லம் இல்லாதிருந்தால் பிழைத்திரா. ஆயினும் 30 குழந்தைகளின் இறப்பு ஓர் உண்மையை உணர்த்துகிறது. அப்பெண்கள் இல்லத்தின் வாயிலை அடைவதற்கு முன்பே கொடுமை தன் வேலையைச் செய்துவிட்டது. அச்சமும் நாணமும் அவர்களைப் பல திங்கள் வீட்டுக்குள்ளேயே முடக்கிவைத்தன. உதவி எவ்வளவு விரைவில் கிடைக்கிறதோ அவ்வளவு உயிர்கள் பிழைக்கும். காலம் கடந்து வரும் உதவியால் சிலரையே காக்க முடியும். எனினும் காலம் கடந்து வந்தோரைச் சாவித்திரிபாய் ஒருநாளும் திருப்பி அனுப்பவில்லை.

பிறந்த ஊரில் நடந்த நிகழ்ச்சி

1868-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் சாவித்திரிபாய் நைகாவ் ஊரில் இருந்தார். அந்தண இளைஞர் ஒருவரும், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மகர் குலத்துப் பெண் ஒருவரும் அவ்வூரில் ஒருவரையொருவர் விரும்பினர். அப்பெண் கருவுற்றிருந்தார். செய்தி அறிந்த ஊரார் இருவரையும் பிடித்து, அடித்து, தெருத்தெருவாக இழுத்துச் சென்றனர், கொன்றுவிடவும் துணிந்தனர்.

இதனைக் கேள்வியுற்ற சாவித்திரிபாய் அங்கு விரைந்தார். கூட்டத்தின் நடுவே நின்று, கொலை செய்தால் அரசின் சட்டப்படி அவர்களுக்கு நேரும் விளைவை எடுத்துரைத்தார். சட்டத்தின் பெயரைக் கேட்டதும் கூட்டத்தின் வேகம் தணிந்தது. இருவரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று மட்டும் ஊரார் வற்புறுத்தினர். சாவித்திரிபாய் அவ்விருவரையும் புனேயில் இருந்த தம் கணவரிடம் அனுப்பிவைத்தார். நடந்ததை விளக்கி ஜோதிராவுக்கு அவர் எழுதிய மடல் இன்றும் கிடைக்கிறது.

இந்நிகழ்ச்சியில் அவர் செய்தவை மூன்று. முதலில் உயிரைக் காத்தார். அடுத்து, சட்டத்தைத் துணையாகக் கொண்டார். பின்னர், காப்பாற்றப்பட்டோர் சென்று தங்க ஓர் இடத்தைக் காட்டினார். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் உதவி முழுமை பெறாது. அதே ஆண்டில் பூலே இணையர் தம் வீட்டுத் தண்ணீர்த்தொட்டியைத் தீண்டத்தகாதவர் எனப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டனர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

வீட்டின் வழக்கத்தை மாற்றுதல்

துன்புற்று வருவோருக்கு இடம் தருவதோடு சாவித்திரிபாய் நின்றுவிடவில்லை. துன்பம் பிறக்கும் இடமாகிய வீட்டின் வழக்கங்களை மாற்றவும் முயன்றார். 1873-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் ஜோதிராவ் சத்தியசோதக் சமாஜம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். உண்மையை நாடுவோர் சங்கம் என்பது அப்பெயரின் பொருள். அவ்வாண்டின் இறுதியிலேயே புரோகிதரும் வரதட்சிணையும் இன்றி எளிய திருமணம் ஒன்றை அச்சங்கம் நடத்தியது. இத்தகைய திருமணங்களுக்குச் சாவித்திரிபாய் முன்நின்று உதவினார். பின்னர் ஜோதிராவ் வகுத்த திருமணமுறையில், பெண்ணின் உரிமையை மதிப்பதாக மணமகன் அனைவர் முன்னிலையிலும் உறுதி கூற வேண்டும். மணவாழ்வின் முதல் நாளிலேயே சமத்துவத்தை நிலைநாட்டுவது அதன் நோக்கம்.

கைம்பெண்களின் தலையை மழிக்கும் வழக்கத்துக்கு எதிராகவும் சத்தியசோதக் இயக்கத்தார் செயற்பட்டனர். இவ்வழக்கம் நாவிதரின் கையால் நிகழ்ந்தது. எனவே நாவிதர்களிடமே அவர்கள் பேசினர். இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியால், கைம்பெண்களின் தலையை இனி மழிப்பதில்லை என நாவிதர்கள் உறுதி பூண்டனர். ஒரு கொடுமைக்குத் துணைசெய்யும் கைகள் விலகினால் அக்கொடுமை தளரும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மகன் யஷ்வந்த்

1874-ஆம் ஆண்டில் இல்லத்தை நாடி வந்த காசிபாய் என்னும் கைம்பெண் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். அக்குழந்தையைச் சாவித்திரிபாயும் ஜோதிராவும் தம் மகனாக ஏற்று, யஷ்வந்த் எனப் பெயரிட்டு வளர்த்தனர். ஊரார் கொல்லத் தகுந்தது எனக் கருதிய பிறப்பு அது. அக்குழந்தை வளர்ந்து, மருத்துவம் பயின்று, பிறர் உயிரைக் காக்கும் மருத்துவரானது.

1890-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் ஜோதிராவ் மறைந்தார். இறுதி ஊர்வலத்தின் முன்னே கொள்ளிச்சட்டியை ஏந்திச் செல்லும் உரிமை மகனுக்கு உரியது. வளர்ப்பு மகனான யஷ்வந்துக்கு அவ்வுரிமை இல்லை என உறவினர் தடுத்தனர். துயரத்தின் நடுவே பூசல் மூண்டது. அவ்வேளையில் சாவித்திரிபாய் தாமே முன்வந்து கொள்ளிச்சட்டியை ஏந்தி ஊர்வலத்தின் முன்னே நடந்தார். அக்கால இந்தியாவில் ஒரு பெண் இவ்வாறு செய்தது மிக அரிய செயல். கணவருக்குப் பின் சத்தியசோதக் சமாஜத்தை அவரே வழிநடத்தினார். 1893-ஆம் ஆண்டில் சாஸ்வட் என்னும் ஊரில் நடந்த அதன் மாநாட்டுக்கும் அவர் தலைமை தாங்கினார்.

இறுதி நாள்

1897-ஆம் ஆண்டில் புனேயைக் கொள்ளைநோய் தாக்கியது. நோயுற்றோரைக் கண்டு உறவினரே விலகி ஓடினர். சாவித்திரிபாய் தம் மகன் யஷ்வந்தை வரவழைத்து, நகருக்கு வெளியே ஹடப்சர் அருகில் ஒரு மருத்துவ நிலையத்தை அமைக்கச் செய்தார். நோயாளிகளைத் தேடிச் சென்று அழைத்து வருவதைத் தம் பணியாகக் கொண்டார். அப்போது அவருக்கு வயது 66.

முண்ட்வா என்னும் ஊரின் மகர் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயுற்றுக் கிடப்பதாக அவருக்குச் செய்தி வந்தது. அவர் விரைந்து சென்று, அச்சிறுவனைத் தம் முதுகில் சுமந்துகொண்டு மருத்துவ நிலையம் சேர்த்தார். சிறுவன் பிழைத்தான். ஆனால் அந்நோய் சாவித்திரிபாயைப் பற்றிக்கொண்டது. 1897-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் அவர் மறைந்தார்.

இந்திய அரசு 1998-ஆம் ஆண்டில் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. 2014-ஆம் ஆண்டில் புனேப் பல்கலைக்கழகம் அவர் பெயரைப் பெற்றது. கஞ்ச் பேட்டையில் அவர் வாழ்ந்த வீடு நினைவிடமாகக் காக்கப்படுகிறது. புனேக்குச் செல்லும் வாய்ப்புப் பெறுவோர் அதனைக் கண்டுவரலாம்.

இன்றைய கடமை

சாவித்திரிபாய் தம் வீட்டில் தொடங்கிய பணியை இன்று நாட்டின் சட்டம் அரசின் கடமையாக்கியுள்ளது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. உடலை வருத்துவது மட்டுமன்றி, இழிசொல் கூறி மனத்தை வருத்துவதும், செலவுக்குப் பணம் தராமல் வாட்டுவதும் வன்முறையே என அச்சட்டம் கூறுகிறது. பாதுகாப்பு அலுவலர், சேவை நிறுவனம், தங்கும் இல்லம், மருத்துவ உதவி ஆகியவற்றுக்கும் அச்சட்டம் வழிசெய்கிறது. பாதிக்கப்பட்டவரே வந்து முறையிட வேண்டும் என்பதில்லை. கொடுமை நடப்பதை அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் வழக்குத் தொடர முடியாது.

உதவி நாடும் பெண்களுக்கு 181 என்னும் தொலைபேசி எண்ணும், சிறுவர் சிறுமியருக்கு 1098 என்னும் எண்ணும் உள்ளன. மருத்துவ உதவி, சட்ட உதவி, மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் தரும் சகி மையங்கள் 2015 முதல் நாடெங்கும் நிறுவப்பட்டு வருகின்றன. அன்று தெருமூலையில் ஒட்டிய அறிவிப்புத் தாள் செய்த பணியை இன்று இவ்வெண்கள் செய்கின்றன. அவற்றை நாம் அறிந்திருப்பதும், தேவைப்படுவோருக்கு அறிவிப்பதும் நம் கடமை.

மாணவர்களே, உங்கள் தோழியோ தோழனோ வீட்டில் நடக்கும் கொடுமையைத் தயங்கித் தயங்கி உங்களிடம் சொல்லக்கூடும். அப்போது நகைக்காதீர்கள், யார்மேல் தவறு என்று ஆராயாதீர்கள், பிறரிடம் பரப்பாதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள். நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பெரியவரிடமோ உடனே அழைத்துச் செல்லுங்கள். அத்துன்பம் உங்களுக்கே நேர்ந்தாலும் அவ்வாறே செய்யுங்கள். அதனைச் சொல்வதில் இழிவு யாதும் இல்லை. சாவித்திரிபாயின் இல்லத்துக்குப் பலர் காலம் கடந்தே வந்தனர். இன்று எவரும் காலம் கடந்து வரவேண்டிய நிலை நேராமல் பார்த்துக்கொள்வதே அவருக்கு நாம் செய்யும் நன்றி.

சொல்லும் பொருளும்

அடைக்கலம் – பாதுகாப்பு, புகலிடம்
கைம்பெண் – கணவனை இழந்தவர்
பட்டறிவு – அனுபவம்
மடல் – கடிதம்
தூற்றினர் – பழித்துப் பேசினர்
இசையவில்லை – உடன்படவில்லை
பூசல் – சச்சரவு

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சாவித்திரிபாயும் ஜோதிராவும் 1849-ஆம் ஆண்டில் வீட்டைவிட்டு வெளியேறியது ஏன்?
2. பாலஹத்யா பிரதிபந்தக கிருகம் என்பதன் பொருள் யாது?
3. இல்லத்தின் அறிவிப்புத் தாள்கள் எங்கே ஒட்டப்பட்டன?
4. யஷ்வந்த் யார்? அவர் பின்னாளில் என்ன பணி செய்தார்?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. நைகாவ் நிகழ்ச்சியில் சாவித்திரிபாய் செய்த மூன்று செயல்களை விளக்குக.
2. 35 பெண்கள் பற்றிய குறிப்பு நமக்கு உணர்த்தும் உண்மை யாது?

இ. பிரித்து எழுதுக.
அறிவிப்புத்தாள், இவ்வில்லம், தண்ணீர்த்தொட்டி, நல்லெண்ணம்

ஈ. சிந்தித்து எழுதுக.
குற்றம் நடந்தபின் தண்டிப்பது, குற்றம் நடவாமல் தடுப்பது ஆகிய இரண்டும் ஒரு சமுதாயத்துக்கு ஏன் தேவை? பாடச் செய்திகளைக் கொண்டு உம் கருத்தை எழுதுக.

உ. செயல்பாடு
181, 1098 ஆகிய உதவி எண்களை விளக்கும் சுவரொட்டி ஒன்றைத் தமிழிலும், நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியிலும் உருவாக்கி, ஆசிரியரின் இசைவு பெற்றுப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுக.